கடலோரத் தங்கல்: கைக்கடிகாரத்தைக் கழற்ற வேண்டாம்

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மூன்று மாதம் கடலோரத்தில் தங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "கடிகாரத்தைக் கழற்றி வை. போனை அணைத்து வை. சும்மா உட்கார்ந்து கடலைப் பார், மனசு தானா லேசாகிடும்." முதல் முறை நானும் அப்படியே செய்தேன். நான்கு நாள் லேசாகத்தான் இருந்தது. ஒன்பதாவது நாள் போரடித்தது. பதினோராவது நாள் பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு, என் இடத்துக்கு வந்திருந்த பையனிடம் ஆண்டுக் கணக்கு முடிந்ததா என்று விசாரித்தேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

அடுத்த முறை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே போனேன். கடல் நேரம் தவறாத ஆள். அதன் நேரம் நம் நேரமல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம், இந்தப் பாடம் கீடம் என்கிறோமே அதுவும்கூட, பின்னாலேயே வந்து சேரும். பாடம் தேடிக்கொண்டு போகிறவருக்குக் கடல் காட்டுவது அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனதை மட்டும்தான். புதிதாகப் போகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

எத்தனை நாள், எந்த மாதிரி இடம்

ஒரு வாரம் போதாது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள். கடலின் ஏற்றமும் வற்றமும் அந்தச் சுற்றுக்குள்தான் பெரிதாகிச் சிறுத்து மறுபடி பெரிதாகும். முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்கினால் ஒரு சுற்றைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் சுற்றில் எல்லாம் புதிது, கண் ஓரிடத்தில் நிற்காது. இரண்டாவது சுற்றில்தான் "போன தடவை இங்கே தண்ணீர் வந்ததே, இப்போது ஏன் வரவில்லை" என்ற கேள்வி பிறக்கும். அதனால் அறுபது நாள் என்பது என் கணக்கு.

வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, கரைக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை படி, இரவில் விளக்கு உண்டா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போகலாம் என்பதெல்லாம். தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மருந்தைச் சேர்த்துக் கையோடு கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில் இருக்கும் பிள்ளையிடம். உப்புக்காற்று எதையும் விடாது. காது கேட்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, பல்செட்டின் கம்பி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே வேண்டாம். சூடான மணல் சுட்டதும் தெரியாது, கிளிஞ்சல் கிழித்ததும் தெரியாது. நிழலில்தானே இருக்கிறோம் என்று வெயிலையும் அலட்சியம் செய்ய முடியாது. உலர்ந்த மணல் புற ஊதாக்கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும் அலைநுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடைக்குக் கீழே உட்கார்ந்தே கன்னம் கறுத்து வந்தவன் நான்.

மேல்மாடி கிடைத்தால் ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். கரையில் நிற்கும்போது, கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் வெறும் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. எல்லையில்லாக் கடல் என்று பெருமூச்சு விடுகிறோமே, அது அவ்வளவுதான். ஒரு மணி நேர நடை. பத்து மீட்டர் உயரத்து மாடிக்கு ஏறினால் அதே தொடுவானம் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கீழே நின்றபோது தெரியாத படகு ஒன்று மேலிருந்து தெரியும். வேலையை விட்ட அன்று "இதோடு முடிந்தது" என்று நான் பார்த்த எல்லையும் என் கண் அன்று நின்ற உயரத்தைப் பொறுத்ததுதான் என்று தோன்றுவதற்கு, அந்த மாடிப்படியை முட்டி வலியோடு நாலைந்து தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

முதல் வாரம்: ஒரே இடம், ஒரு நோட்டு

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, கரை முழுக்க நடந்து தீர்ப்பது. நடப்பது உடம்புக்கு நல்லதுதான். (ஈரம் காயாத கெட்டி மணலில் நடங்கள். காய்ந்த பொலபொல மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இருமடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் போன வழியிலேயே திரும்பி வாருங்கள், இரண்டு முட்டிக்கும் பங்கு சமமாகும்.) ஆனால் பார்ப்பதற்கு ஓர் இடம் போதும். ஒரு பாறை, ஒரு கம்பம், பழைய படகு, அசையாத ஏதோ ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு தினமும் அங்கேயே உட்காருங்கள்.

நோட்டில் எழுத வேண்டியது நான்கே விஷயம். நேரம். தண்ணீர் அடையாளத்துக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை வினாடி. மனம், அமைதி, பிரபஞ்சம் இதெல்லாம் முதல் மூன்று வாரம் எழுதக் கூடாது. கண்டிப்பாகவே சொல்கிறேன். என் முதல் நோட்டில் இரண்டாம் நாளே "கடல் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறது" என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அலை எத்தனை வினாடிக்கு ஒன்று வந்தது என்று எழுதவில்லை. இன்று எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் எதற்கும் உதவாது.

காற்றைக் குறித்து வந்தால் நாலைந்து நாளிலேயே ஒரு ஒழுங்கு தெரியும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். நிலத்து மேல் உள்ள காற்று லேசாகி எழ, கடல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிட, காற்று திரும்பும். இரண்டுக்கும் நடுவே, காலையில் ஒரு சிறிய பொழுது, காற்றே இருக்காது. நடப்பதற்கும் தண்ணீரைக் கூர்ந்து பார்ப்பதற்கும் அந்த நேரம்தான். தூக்கம் வராமல் நாலு மணிக்கே எழுந்துவிடும் நம் வயசுக்கு அது வசதியாகவும் போயிற்று.

ஓத அட்டவணையைப் படிப்பது

கடல்நீர் ஏறி வற்றுவதற்கு ஓதம் என்று பெயர். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். நிலா தன் பாதையில் நகர்ந்துகொண்டே போவதால் பூமி அதைப் பிடிக்க ஒரு நாளைக்கு மேல் 50 நிமிடம் சுற்ற வேண்டியிருக்கிறது. அதனால் இன்று காலை 6 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 6.50க்கு வரும், நாளை மறுநாள் 7.40க்கு. சில கடல்களில் நாளுக்கு ஒன்றுதான். மத்தியதரைக் கடலில் பல இடங்களில் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரியாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ 16 மீட்டர் வரை ஏறும். நீங்கள் தங்கும் இடத்துக்கு உரிய அட்டவணையை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இரண்டுக்கும் நடுவில் அரைநிலா நாட்களில் இரண்டும் சின்னது. அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் சேர்த்துக் குறிக்கப் பழந்தமிழில் 'உவா' என்று ஒற்றைச் சொல்லே இருக்கிறது. வெள்ளுவா பௌர்ணமி, காருவா அமாவாசை. வானத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு இரவுக்கு ஒரே பெயர் எதற்கு என்று பள்ளியில் படித்தபோது புரியவில்லை. தண்ணீர் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

அட்டவணையில் எழுதியிராத ஒரு விஷயம் உண்டு. கரையோர மாலுமிகளின் பழைய கணக்கு அது. வற்றம் முடிந்து ஏற ஆரம்பிக்கும் தண்ணீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. மொத்தம் 2.4 மீட்டர் ஏறும் கரையில் முதல் மணியில் 20 சென்டிமீட்டர், மூன்றாவது மணியில் 60 சென்டிமீட்டர். சரிவு குறைந்த கரையானால் அந்த 60 சென்டிமீட்டர் என்பது பத்து இருபது மீட்டர் உள்ளே வந்துவிடும்.

இதை நான் நாற்காலியைக் கொடுத்துக் கற்றேன். ஒரு மாலை, தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம், மடக்கு நாற்காலியைக் கீழே வரை கொண்டுபோய்ப் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஒன்றும் பெரிதாக வரவில்லை. இந்த வேகத்தில் வந்தால் இருட்டிவிடும் என்று கண்ணயர்ந்தேன். கணுக்காலில் தண்ணீர் பட்டு விழித்தபோது செருப்பு இல்லை, படித்துக்கொண்டிருந்த புத்தகம் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கூடு ஆறடி தள்ளி மிதந்துகொண்டிருந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலியும் போயிற்று.

ஓய்வுக்கும் அந்தக் கணக்கு கொஞ்சம் பொருந்துகிறது. முதல் இரண்டு மாதம் நீண்ட விடுமுறை மாதிரி இருக்கும், ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றும். எங்கேயோ ஆறேழாவது மாதத்தில் எல்லாம் ஒரேயடியாக வரும். போன் அடிப்பது நிற்கும், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பதவி இருக்காது, வீட்டில் பகல் முழுக்க இன்னொரு ஆள் இருப்பது மனைவிக்கு உறைக்கும். பிறகு மறுபடி மெதுவாகும். அந்த மூன்றாவது மணியில் கண்ணயராமல் இருந்தால் போதும்.

எங்கே உட்காரலாம் என்பதற்கு எளிய வழி ஒன்று: கரையில் பாசியும் சுள்ளியும் கிளிஞ்சலும் வரிசையாகக் கிடக்கும் குப்பைக் கோட்டைப் பாருங்கள். போன ஏற்றம் வந்து திரும்பிய இடம் அது. சில நாள் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். மேலே இருப்பது போன உவாவின் கோடு. அதற்கும் மேலே நாற்காலி.

அலையை எண்ணுவது

"அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது" என்று பழமொழி சொல்வார்கள். ஓயும் என்று காத்திருக்காதே என்பது அதன் பொருள். அதை நம்பித்தான் நானும் எண்ண உட்கார்ந்தேன். இரண்டு வாரம் எண்ணியபோது பழமொழியில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அலை ஓயாதுதான். ஆனால் இடைவெளி விடும். பெரிய அலைகள் நாலைந்தாகக் கூட்டமாக வரும், பிறகு சில நிமிடம் சின்னதாகவே வரும். ஒரே கரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளி தெரியும். அவர் அதில் காலை நனைத்துவிட்டு வந்துவிடுவார். எல்லா வேலையும் ஓயட்டும், அப்புறம் அந்தப் பயணம் போகலாம், அந்த நண்பனைப் பார்க்கலாம் என்று நான் முப்பது வருஷம் தள்ளிப்போட்ட கணக்கில் எத்தனை இடைவெளிகள் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன்.

எண்ணும் முறை இதுதான். ஓர் அலை உடையும் கணத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். பதினோராவது அலை உடையும் வரை ஆன வினாடிகளைப் பத்தால் வகுங்கள். ஆறு, ஏழு வினாடி வந்தால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பதின்மூன்று, பதினான்கு வந்தால் அது வெகு தொலைவிலிருந்து வருவது. உங்கள் கரையில் காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், அலை மட்டும் மெதுவாக, கனமாக, சீராக வந்து விழும். எங்கேயோ அடித்து ஓய்ந்த புயலின் அலை.

எவ்வளவு தொலைவு என்றால், வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1963இல் தன் குழுவோடு பசிபிக் முழுக்க வரிசையாகக் கருவிகளை வைத்து இதை அளந்தார். அண்டார்க்டிகாவை ஒட்டிய தென்கடல் புயல்களில் கிளம்பிய அலைகள் பெருங்கடலை முழுதாகக் கடந்து அலாஸ்கா வரை போய்ச் சேர்வதைப் பின்தொடர்ந்து காட்டினார். நீள அலைகள் முந்திவரும், குறுகியவை பின்தங்கும். 14 வினாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளுக்கு 900 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகரும். 10,000 கிலோமீட்டர் தாண்டப் பத்துப் பதினோரு நாள். இன்று உங்கள் காலடியில் உடைவது போன வாரத்துக்கும் முந்தைய புயல். வருவது அலையின் வடிவம்தான், தண்ணீர் அல்ல. ஒரு மரத்துண்டு மிதந்தால் பாருங்கள், அலை அதைத் தாண்டிப் போகும், துண்டு ஏறி இறங்கி ஏறக்குறைய அங்கேயே நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்ட வாரத்தில் எனக்குள் ஒரு பழைய கோபம் வந்திருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் கைநழுவிய பதவி உயர்வு. காலையில் பல் தேய்க்கும்போது காரணமில்லாமல் ஏறி வந்தது, நாள் முழுக்க மனசுக்குள்ளேயே வாதாடினேன். எதிரில் யாருமில்லை, வானம் பளிச்சென்று இருந்தது. அன்று மாலை நோட்டில் அலைக்கு நேரே "14 வினாடி" என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. கோபம் அதனால் போய்விடவில்லை. எங்கே கிளம்பியது என்று தெரிந்ததால் அதோடு சண்டை போடுவதை நிறுத்தினேன், அவ்வளவே.

குனிந்து பார்ப்பது

வெப்பமண்டலக் கரைகளில் வற்றம் ஆனதும் ஈர மணல் மேல் மிளகை இறைத்ததுபோல் சின்னச் சின்ன மண் உருண்டைகள் நிறைந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே குந்தி உட்காருங்கள். முட்டி ஒத்துழைக்காவிட்டால் முக்காலி ஒன்று கொண்டுபோங்கள். ஐந்து நிமிடம் அசையக் கூடாது. நிழல் அசைந்தாலும் கதை முடிந்தது.

முதலில் ஒரு துளையின் விளிம்பில் மணல் நிறத்தில் ஏதோ அசையும். சுண்டுவிரல் நகமளவு நண்டு. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்க்கும். பிறகு ஓர் அடி வைத்து, இரண்டு கொடுக்காலும் மாற்றி மாற்றி மணலை வாரி வாய்க்குள் திணிக்கும். மணலைத் தின்பதில்லை. மணல்மணி மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரையும் மக்கையும் வழித்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறது. வாய்க்கு மேலே ஓர் உருண்டை பருத்துக்கொண்டே வரும். முகத்தைவிடப் பெரிதானதும் கொடுக்கால் கிள்ளி எடுத்து, கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த அடி. இப்படியே துளையிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல வெளியே போகும், திரும்பி வரும், அடுத்த ஆரம். உருண்டைகள் இரண்டு பக்கமும் குவிந்திருக்கும், நடுவில் வீட்டுக்கு ஓடுவதற்கு ஒரு பாதை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். அந்தப் பாதையில் ஓர் உருண்டைகூட விழுவதில்லை.

இரண்டு மூன்று மணி நேரத்தில் கை விரித்த அளவுக்கு ஒரு கோலம். பிறகு தண்ணீர் ஏறி வரும். நண்டு துளைக்குள் இறங்கும். ஓர் அலை போதும், கோலம் இல்லை. அடுத்த வற்றத்தில் மறுபடி முதல் உருண்டை.

இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு வீண் உழைப்பு" என்பார்கள், இல்லாவிட்டால் "என்ன விடாமுயற்சி" என்பார்கள். இரண்டுமே மனிதப் பேச்சு என்று எனக்குப் படுகிறது. நண்டு கோலம் போடவே இல்லை. அது சாப்பிட்டது. உருண்டை, சாப்பிட்டது போக மிச்சம். நான் முப்பத்து நாலு வருஷம் எழுதிய பேரேடுகள் எல்லாம் இப்போது எந்தக் கிடங்கில் இருக்கின்றனவோ, கரையான்தான் அறியும். அவை போய்விட்டனவே என்று வருந்தியவன், அந்த உருண்டைகளைப் பார்த்த பிறகு கொஞ்சம் வேறு மாதிரி கேட்டுக்கொண்டேன்: அந்த வருஷங்களில் நான் சாப்பிட்டேனா? பிள்ளைகள் படித்தார்கள், வீடு நடந்தது, நாலு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். அலை அவற்றையா அழித்தது?

பறவைகளுக்கு இடம் விடுவது

உள்ளான்கள் அலையோடு ஓடி வந்து, அலையோடு ஓடித் திரும்பும். பார்க்கத் தமாஷாக இருக்கும். குழந்தைகளும் நாய்களும், சில சமயம் என் வயசுக்காரர்களும், அவற்றை விரட்டுவார்கள். வேண்டாம். கரையில் சும்மா நிற்பது போலத் தெரியும் பறவை பெரும்பாலும் அடுத்த பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2022இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. உடம்பில் பொருத்தியிருந்த கருவி காட்டிய தூரம் அது. அப்படிப் பறப்பதற்கு முன் தேவையானது தொந்தரவில்லாத தீனியும் ஓய்வும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் போகிறது. கூட்டத்தைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

கரை காணாமல் போகும் நாள்

இரண்டு மாதம் தங்கினால் ஒரு கொந்தளிப்பையாவது பார்ப்பீர்கள். மறுநாள் காலை போனால் நீங்கள் உட்காரும் இடம் இருக்காது. அகலமாகக் கிடந்த மணலை அரித்து, ஆள் உயரச் சுவர்போல வெட்டி வைத்திருக்கும். எனக்கு அன்று நெஞ்சே அடைத்தது. மணல் எங்கே போயிற்று என்றால், பெரும்பகுதி வெகுதூரம் போகவில்லை. சற்றுத் தள்ளித் தண்ணீருக்கடியில் திட்டாகக் கிடக்கிறது. அடுத்த பெரிய அலைகள் அந்தத் திட்டில் மோதி உடைவதால் கரைக்கு அடி குறைகிறது. கடல் அமைதியானதும் சிற்றலைகள் அதை மெல்ல மெல்லத் திருப்பித் தள்ளும். எடுத்தது ஓர் இரவில், திரும்பத் தருவதற்கு வாரங்கள், மாதங்கள். எல்லாக் கரையிலும் எல்லா மணலும் திரும்பாது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகும் கரைகள் நிறைய உண்டு. ஆறுதலுக்காக அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மேட்டு மணலில் ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலையோடு, ஊதாப் பூவோடு ஒரு கொடி படர்ந்திருந்தால் அது அடும்பு. மணல் அதன் மேல் விழ விழ அது மேலே ஏறி வேர்விடும். அப்படித்தான் மேடு நிற்கிறது. குறுக்குவழி என்று அதன் மேல் நடக்காதீர்கள்.

அமைதியாகத் தெரியும் தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள். அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும் கரையில், நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் கொஞ்சம் கறுத்து அமைதியாக இருக்கும். புதியவர் அங்கேதான் இறங்குவார், பாதுகாப்பான இடம் என்று. உண்மையில் கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. வேகம் பிடித்தால் ஒலிம்பிக் நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அது ஆளை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். கையை உயர்த்தி உதவி கேட்க வெட்கப்பட வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு மேல் தனியாக இறங்குவதில்லை என்பது என் விதி.

இன்னொன்று. நிலம் பலமாகவோ நெடுநேரமோ நடுங்கினாலும், அட்டவணைக்குச் சம்பந்தமில்லாமல் கடல் திடீரென்று உள்வாங்கினாலும், வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, தண்ணீர் நுரைத்துப் பொங்கி நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, பள்ளியில் அப்போதுதான் படித்த சுனாமிப் பாடம் ஞாபகம் வந்து கத்தினாள். அந்தக் கரை காலியானது. வழக்கமான கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கமில்லாதது கண்ணில் படும். தினமும் நோட்டு எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வாரத்து மாலை

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாவது வாரம் ஒரு மாலை, பொழுது சாயும் நேரத்தில், காரணமில்லாமல் தொண்டை அடைக்கும். புதுமை தீர்ந்திருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்து, பொழுது சாயும் எற்பாட்டை அதன் சிறுபொழுதாக வைத்தார்கள். இலக்கணத்துக்காக மனப்பாடம் செய்த வரி, அறுபது வயதுக்கு மேல் ஒரு மாலையில் உடம்பில் வந்து இறங்கியது. அந்த வாரம் பெட்டியைக் கட்டாதீர்கள். மாலை நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், யாரோடாவது பேசுங்கள், நாலு நாளில் தணியும். தணியாமல் தூக்கமும் பசியும் கெட்டால் அது கடலின் வேலையல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

ஜோடியாகப் போகிறவர்கள் தினமும் கொஞ்ச நேரமாவது பிரிந்திருங்கள். நான் கண்டதையெல்லாம் உடனே என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். உவா, பன்னிரண்டு பங்கு, 14 வினாடி என்று. ஒரு நாள் அவள் பொறுமையாகவே சொன்னாள்: "ஏங்க, நீங்க உங்க நண்டைப் பாருங்க. நான் அந்தக் கோடி வரைக்கும் தனியா நடந்துட்டு வரேன். எனக்கும் முப்பத்தாறு வருஷமா ஒரு லீவு பாக்கி இருக்கு." அவள் திரும்பி வந்தபோது என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புறப்படும்போது

உங்கள் அடையாளத்துக்குக் கடைசித் தடவை போகும் நேரத்தை ஒரு நல்ல வற்றமாகப் பார்த்து வையுங்கள். முதல் நாள் எழுதிய பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே இடத்தை எழுதுங்கள். உப்பு ஏறிய செருப்பு, குடை, முக்காலி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள்.

சங்கு, கிளிஞ்சல் பொறுக்கி வர வேண்டாம். காலி என்று நாம் நினைப்பது துறவி நண்டுக்கு வீடு. அதன் பின்னுடம்பு மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய சங்கு தேடி மாறியாக வேண்டும். கரையில் காலிச் சங்கு குறைந்தால் அது பழைய கூட்டிலேயே நெருங்கிக் கிடக்கும்.

இதையும் நான் தெரிந்து செய்யவில்லை. முதல் முறை ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு, பேரனுக்காகப் பொறுக்கிய சங்குகளை ஒரு பையில் போட்டுக் கட்டிலடியில் வைத்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். மனைவி என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, உங்க பைக்குள்ள யாரோ நடக்குறாங்க."

விளக்கைப் போட்டுப் பார்த்தோம். பை சரசரவென்று அசைந்தது. உள்ளே இருந்ததிலேயே அழகான சங்கு எதுவோ, அதுதான் நடந்துகொண்டிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கரைக்குப் போனோம். குப்பைக் கோட்டுக்குக் கீழே, ஈரம் தொடங்கும் இடத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் அசையவில்லை. "விளக்கை அணைங்க" என்றாள். அணைத்தேன். கொஞ்சம் கழித்துப் போட்டுப் பார்த்தபோது சங்கு இல்லை, மணலில் தையல் போட்டதுபோல் ஒரு சின்னத் தடம் மட்டும் தண்ணீர்ப் பக்கம் போயிருந்தது. பையில் மீதி இருந்ததையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்தோம்.